பழைய அலமாரிக்குப் புதிய மேனி

“கந்தையானாலும் கசக்கிக் கட்டு” என்பது நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற பழமொழி. உடையைப் பற்றிக் கூறப்பட்ட இவ்வறிவுரை, இல்லத்தில் உள்ள தளவாடப் பொருள்களுக்கும் பொருந்தும். துணி அலமாரி, சாப்பாட்டு அலமாரி, பிள்ளைகளின் படிப்பு மேசை ஆகியவை நிறம் மங்கிப் போனவுடன் அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியவை வாங்க வேண்டும் என்பதில்லை. தானாக ஒட்டிக்கொள்ளும் அலங்காரத் தாளைக் கொண்டு அவற்றுக்குப் புதுப்பொலிவு ஊட்டலாம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் குடும்பங்கள் இதனை முறையாகச் செய்வது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தோட்டத்து வீடு தோட்ட நிர்வாகத்துக்கு உரியது. அவ்வீடு எத்தகையதாக இருக்கவேண்டும் என்பதைத் தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரம் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது. ஆனால், வேலை ஓய்வு பெற்று வீட்டை ஒப்படைக்கும் நாளில் குடும்பத்தோடு லாரியில் ஏறி வருபவை கட்டில், அலமாரி, மேசை முதலியனவே. பல ஆண்டு உழைப்பில் சிறுகச் சிறுகச் சேர்த்த உடைமை அவை. ஆகவே அவற்றைக் காப்பது சேமிப்பைக் காப்பதற்கு ஒப்பாகும்.

மலைக்காற்றும் மரப்பலகையும்

கேமரன் மலை என்னும் பெயர், 1885ஆம் ஆண்டில் இப்பகுதியை ஆராய்ந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் நினைவாக வந்தது. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் இங்குப் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தேயிலைக்கு உகந்த குளிரும் மழையும் மூடுபனியும் மரப்பொருள்களுக்கு உகந்தவை அல்ல. இரவில் வெப்பநிலை ஏறத்தாழ 15 பாகை செல்சியஸ் வரை இறங்குகிறது. காற்றில் எப்பொழுதும் ஈரம் நிறைந்திருக்கிறது. சுவரோடு ஒட்டி வைத்த அலமாரியின் பின்புறத்தில் பூசணம் படர்வதை நம் தோட்டத்து வீடுகளில் பரவலாகக் காணலாம்.

இன்று கடைகளில் விற்கப்படும் மலிவான தளவாடங்களுள் பெரும்பாலானவை முழுமரத்தால் ஆனவை அல்ல. மரத்துண்டுகளை நொறுக்கி, பசை கலந்து, சூட்டில் அழுத்திச் செய்த பலகைகளே அவை. கடைக்காரர்கள் இவற்றைச் சிப்போர்டு என்பார்கள். நம் நாட்டில் இத்தகைய பலகைகளுக்கு ரப்பர் மரம் முக்கிய மூலப்பொருளாக விளங்குகிறது. நம் பாட்டன்மார் பால் வெட்டிய மரங்களின் இனமே பலகையாகி, ஜொகூர் மாநிலத்தின் மூவார் போன்ற ஊர்களின் தொழிற்சாலைகள் வழியாகத் தளவாடமாக நம் வீட்டுக்கு வருகிறது எனலாம்.

சிப்போர்டுக்குப் பெரும்பகை நீர். மேற்பூச்சு உரிந்த இடத்திலும் ஓரத்திலும் ஈரம் புகுந்தால் மரத்துண்டுகள் ஊதிப் பெருக்கின்றன. உலர்ந்த பின்னரும் அவை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆகவே ஓரங்களை மூடிப் பாதுகாப்பது, அழகைக் காட்டிலும் இன்றியமையாத காரியம்.

ஒட்டுத்தாள் என்பது யாது?

மக்கள் இதனை ஸ்டிக்கர் என்றும் வால்பேப்பர் என்றும் அழைக்கின்றனர். தாள் என்று கூறினாலும் இது வினைல் எனப்படும் பிளாஸ்டிக் படலமே ஆகும். இயல்பில் விறைப்பான இப்பொருளை வளையும் தன்மை உடையதாக்கும் வழியை 1926ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியல் அறிஞர் வால்டோ சீமன் கண்டறிந்தார். 1935ஆம் ஆண்டில் ஸ்டாண்டன் ஏவரி என்பார், உரித்து ஒட்டும் சீட்டுகளைத் தயாரிக்கும் தொழிலைத் தொடங்கினார். ஜெர்மனியில் டி-சி-ஃபிக்ஸ் என்னும் அலங்காரப் படலம் 1958ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. இன்று தேக்கு, பளிங்கு, பூ வேலைப்பாடு எனப் பல தோற்றங்களில் இது கிடைக்கிறது.

இப்படலத்தில் மூன்று அடுக்குகள் உள்ளன. மேலே சித்திரம் அச்சிட்ட வினைல், நடுவே பசை, அடியில் வழுக்குப் பூச்சுக் கொண்ட காப்புத்தாள். பசை நீரால் கரைவதோ காய்ந்து இறுகுவதோ இல்லை. அழுத்தத்தால் மட்டுமே பிடிக்கிறது. அது மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியையும் தொடவேண்டும். தூசி, எண்ணெய், ஈரம், பூசணம் ஆகியவற்றுள் ஏதேனும் இடையில் இருந்தால், பசை அதனையே பற்றிக்கொண்டு பலகையை விட்டுவிடும். குளிரில் பசை விறைப்பதால் பிடிப்பு மேலும் குறையும்.

இதிலிருந்து நாம் அறியவேண்டிய உண்மை ஒன்று உண்டு. ஒட்டுத்தாள் குறையை மறைக்குமே அன்றிக் குணப்படுத்தாது. ஈரப்பலகையின்மீது ஒட்டினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பலகையை விரைவில் கெடுக்கும்.

எப்பொழுது ஒட்டுவது?

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னர் வீட்டைப் புதுப்பிப்பது நம்மவர் வழக்கம். ஆனால் தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர் மாதங்களே கேமரன் மலையில் மழை மிகுந்த காலம். ஏப்ரல், மே மாதங்களிலும் மழை மிகும். இக்காலங்களில் அவசரமாக ஒட்டிய தாள் பொங்கலுக்குள் ஓரம் கிளம்புவதில் வியப்பில்லை.

ஆகவே, மழை குறைந்த பிப்ரவரி மாதத்திலோ ஜூன், ஜூலை மாதங்களிலோ இவ்வேலையை முடித்துக்கொள்வது நன்று. ஆடியில் புதுப்பொருள் வாங்கத் தயங்குவோர் பலர் உண்டு. பழையதைப் புதுப்பிக்க அத்தடை இல்லை. ஆடியில் ஒட்டி முடித்தால் ஐப்பசியில் கவலையின்றிப் பண்டிகை கொண்டாடலாம். வேலை செய்யும் நேரம் நண்பகலாக இருக்கட்டும். தாள் சுருளை முந்திய இரவே அறைக்குள் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

முன்வேலை

முதலில் அலமாரியை வெறுமையாக்குக. கதவுகளையும் கைப்பிடிகளையும் கழற்றி, திருகாணிகளை ஒரு டப்பாவில் போட்டு வைக்க வேண்டும்.

அடுத்து, பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தை வெந்நீரில் கலந்து, நன்கு பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். பலகையின்மீது நீரை ஊற்றலாகாது. பூசணம் உள்ள இடத்தில் வினிகர் என்னும் காடியைத் துணியில் நனைத்துத் துடைத்து, சற்று நேரம் கழித்து மீண்டும் துடைக்கலாம். காடியையும் துணி வெளுக்கும் குளோரின் நீரையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கலாகாது. அவை சேர்ந்தால் நச்சு வாயு எழும். இதனைச் செய்யும்போது கதவு, சன்னல்கள் திறந்திருக்க வேண்டும்.

பிறகு பலகையை உலரவிட வேண்டும். மலைப்பகுதியில் இதற்கு இரண்டு மூன்று நாள்கள் பிடிக்கலாம். மின்விசிறி வைத்தால் விரைவில் உலரும். உலர்ந்தபின் ஊதிய பகுதிகளை உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தி, பள்ளங்களையும் ஓட்டைகளையும் மரப் புட்டியால் நிரப்பி, மீண்டும் தேய்த்துத் தூசியைத் துடைக்க வேண்டும். மேற்பூச்சு இல்லாத வெறும் பலகையில் பசை சரிவரப் பிடிக்காது. அவ்விடங்களில் வார்னிஷ் ஒரு பூச்சுப் பூசி முற்றிலும் காயவிடுதல் அவசியம்.

இறுதியாக ஒரு சோதனை. உள்ளங்கை அளவு தாளை உட்புற மூலையில் ஒட்டி, ஓர் இரவு கழித்து உரித்துப் பாருங்கள். பிடிப்பாக இருந்தால் வேலையைத் தொடங்கலாம். எளிதில் கழன்று வந்தால் பலகையில் இன்னும் ஈரமோ எண்ணெயோ இருக்கிறது என்பது பொருள்.

அளவெடுத்தல்

180 சென்டிமீட்டர் உயரமும் 90 சென்டிமீட்டர் அகலமும் 50 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள இரட்டைக் கதவு அலமாரியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கதவும் 45 சென்டிமீட்டர் அகலம் உடையது. கடையில் 45 சென்டிமீட்டர் அகலச் சுருள் கிடைக்கிறது என்று அதனையே வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். தாளை நான்கு பக்கமும் 2 சென்டிமீட்டர் வீதம் மடித்து உட்புறம் ஒட்ட வேண்டும். எனவே 49 சென்டிமீட்டர் அகலம் தேவை. வினைல் நாளடைவில் சிறிது சுருங்கும் இயல்புடையது. மடிப்பு இல்லாவிட்டால் ஓரம் வெளியே தெரிந்து ஈரம் புகும்.

ஆகவே 60 சென்டிமீட்டர் அகலச் சுருளே தக்கது. கதவு இரண்டு, பக்கப் பலகை இரண்டு, ஆக நான்கு துண்டுகள். ஒவ்வொன்றும் 184 சென்டிமீட்டர் நீளம். மொத்தம் 7 மீட்டர் 36 சென்டிமீட்டர். சித்திரம் பொருந்துவதற்காகச் சற்றுக் கூட்டி, 8 மீட்டர் வாங்கினால் போதும். காப்புத்தாளின் பின்புறம் அச்சிட்டுள்ள கட்டங்களைப் பார்த்து நேராக வெட்டலாம். மரவரித் தாளாயின், வரிகள் எல்லாத் துண்டுகளிலும் ஒரே திசையில் அமைவதைக் கவனிக்க வேண்டும்.

ஒட்டும் முறை

இருவர் சேர்ந்து செய்தால் வேலை எளிது. கதவைத் தரையில் படுக்க வைத்து, காப்புத்தாளை மேற்புறம் 10 சென்டிமீட்டர் மட்டும் உரித்து, ஓரத்தை நேராகப் பொருத்துக. ஒருவர் காப்புத்தாளைக் கீழே மெல்ல இழுத்துவர, மற்றவர் துணி சுற்றிய அட்டையால் நடுவிலிருந்து இருபுறமும் காற்றைத் தள்ளி அழுத்தி வரவேண்டும். தாளை இழுத்து நீட்டி ஒட்டலாகாது. நீட்டிய வினைல் மீண்டும் சுருங்கி ஓரத்தைத் தூக்கிவிடும்.

குமிழி எழுந்தால் ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றி அழுத்துக. வளைந்த ஓரங்களிலும் மூலைகளிலும் தலைமுடி உலர்த்தும் கருவியால் இளஞ்சூடு காட்டினால் தாள் இணங்கி மடியும். மறுநாள் எல்லா ஓரங்களையும் மீண்டும் ஒருமுறை அழுத்த வேண்டும். சில நாள்கள் வரை ஈரத்துணியால் துடைக்காமல் இருப்பது நலம்.

வேலை முடிந்தபின் அலமாரியைச் சுவரிலிருந்து ஐந்து சென்டிமீட்டராவது தள்ளி, கால்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து நிறுத்துங்கள். பின்புறம் காற்று உலவினால்தான் பூசணம் மீண்டும் வராது.

ஒட்டக்கூடாத இடங்கள்

சாமி மேடையை அழகுபடுத்த விரும்புவது இயல்பே. ஆயினும் வினைல் சூட்டில் இளகும், தீயில் கருகும். காமாட்சி விளக்கு எரியும் தட்டிலும், கற்பூரம் ஏற்றும் இடத்திலும், விளக்கின் சூடு படும் மேற்பலகையிலும் இதனை ஒட்டவே கூடாது. அவ்வாறே எரிவாயு அடுப்பை ஒட்டிய பலகையும், கொதிகலத்தின் ஆவி படும் இடமும் தவிர்க்கப்பட வேண்டும். கறையான் அரித்த பலகையில் ஒட்டுவது நோயை மூடி வைப்பது போன்றது. முழுமரத்தால் ஆன பழைய அலமாரி இருப்பின், அதனைத் தேய்த்து மெருகிடுவதே சிறப்பு.

வீட்டோடு நிலையாக அமைந்த அலமாரியாயின், தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேட்டபின் ஒட்டுவது முறை. எஞ்சிய துண்டுகளைக் குப்பையோடு கொளுத்தலாகாது. வினைல் எரியும்போது மூச்சை அடைக்கும் அமிலப் புகை கிளம்பும். வெட்டும் கத்தியைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

செலவுக் கணக்கு

புதிய அலமாரியைத் தவணையில் வாங்குவோர் பெரும்பாலும் மாதத் தவணையை மட்டுமே பார்க்கின்றனர். எடுத்துக்காட்டாக, மாதம் 120 ரிங்கிட் வீதம் 24 மாதம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,880 ரிங்கிட். 2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டால், இது ஒன்றரை மாத உழைப்புக்கும் மேற்பட்டது. ஒட்டுத்தாள் மீட்டர் 8 ரிங்கிட் என்று கொண்டாலும், 8 மீட்டருக்கு 64 ரிங்கிட். உப்புத்தாள், புட்டி, வார்னிஷ், கத்தி ஆகியவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். அலமாரியின் கால்களும் சட்டமும் உறுதியாக இருக்குமானால், எது தக்கது என்பது விளங்கும். சட்டமே உளுத்துப் போயிருந்தால் 64 ரிங்கிட்டும் வீண் என்பதையும் மறத்தலாகாது.

மிச்சப்படும் பணம் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கோ, ஓய்வுக்குப் பின் சொந்த வீட்டுக்கோ உதவும். அடுத்த தீபாவளிக்கு இன்னும் காலம் இருக்கிறது. வெயில் காயும் நாளில் அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தி, அதன் பின்புறத்தைக் கையால் தடவிப் பார்த்து, அங்கிருந்தே வேலையைத் தொடங்குவோமாக.