அரக்கர் தீவும் ஆசிய விடுதலையும்

பீச் பழத்தில் பிறந்த மொமோதரோ, நாய், குரங்கு, காட்டுக்கோழி ஆகியவற்றைத் துணைக்கொண்டு அரக்கர் தீவை வென்ற கதையை அறியாத ஜப்பானியக் குழந்தை இல்லை. அக்குழந்தைக் கதையையே யுத்தப் பிரசாரமாக்கினர் ஜப்பானியக் கடற்படையார். அவர்கள் விருப்பப்படி மிட்சுயோ ஸெயோ தயாரித்து, 1945 ஏப்ரலில் வெளிவந்த 'மொமோதரோ: கடலின் தெய்வீக வீரர்கள்', அந்நாட்டின் முதல் முழுநீளச் சித்திரப் படமாகும், 74 நிமிஷம் ஓடுவது.

படத்தில் மொமோதரோ சேனாதிபதி. அரக்கர்களோ கொம்பு முளைத்த ஆங்கிலேயர்! பாரஷூட்டில் இறங்கிய படையின் முன் நடுநடுங்கிச் சரணடைகின்றனர். ஏகாதிபத்தியத்தை அரக்கன் என்றால் நாம் மறுக்கப் போவதில்லை. ஆனால், தென்கடல் தீவின் விலங்குகள் செய்வதென்ன? படைக்கு விமானத்தளம் அமைக்கின்றன. ஜப்பானிய எழுத்துக்களைப் பாடிக் கற்கின்றன. எஜமானன் மாறினான், ஏவல் மாறவில்லை.

திரையில் விலங்குகள் மகிழ்ந்து உழைத்தன. திரைக்கு வெளியே நடந்ததைத் தமிழர் அறிவர். சயாம்-பர்மா ரயில்பாதை போட மலேயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுசென்ற நம் தொழிலாளர் பல்லாயிரவர், காட்டிலேயே மடிந்தனர்.

பழங்கதையின் மொமோதரோ வென்றதும் வீடு திரும்பினான். 1942 ஜனவரியில் டச்சுக்காரரின் செலிபிஸ் தீவில் பாரஷூட்டில் இறங்கிய கடற்படையோ, 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையும் வரையில் அதை விட்டு அகலவில்லை.

அரக்கனை விரட்ட வருகிறேன் என்பவனிடம், 'நீர் திரும்பிச் செல்வது என்றைக்கு?' என்று முதலில் கேட்பதே சுதந்திரத்தை விரும்பும் ஜனங்களுக்கு அழகு.