கோலார் சீமையின் தண்ணீர் எங்கே போயிற்று?

ஏரி, தைல மரம், தங்கச் சுரங்கம்: ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் கதை

மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர்கள் நம் வாசகர்களில் ஏராளம். உட்கார இடம் கிடைத்தால் தூக்கம். கிடைக்காவிட்டால் அரட்டை. ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறவர்கள் குறைவு.

பார்த்தால், பங்காருப்பேட்டையைத் தாண்டியதும் மூன்று காட்சிகள் மாறி மாறி வரும். நீளமான ஏரிக்கரை, அதற்குள்ளே முள்மரம். வரிசை பிடித்து நிற்கும் தைல மரத் தோப்பு. ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரி. கோலார் ஏன் வறண்டது என்ற கேள்விக்கு இந்த மூன்றிலும் பதில் இருக்கிறது. பல துறை ஆராய்ச்சியாளர்கள் அதைத் தேடி எடுத்து எழுதியிருக்கிறார்கள்.

"மழை இல்லை, அதனால் தண்ணீர் இல்லை" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் கோலாரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 700 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. ராஜஸ்தானத்து ஜெய்சால்மரில் பெய்வதைப் போல மூன்று மடங்கு! ஆகவே பழியை வானத்தின் மேல் போட முடியாது.

ஏரி வெட்டிய காலம்

வற்றாத ஆறு ஒன்றும் இந்தச் சீமையில் கிடையாது. பாலாறு நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து இந்த வழியாகத்தான் ஆந்திரம் போய், வேலூர்ப் பக்கம் இறங்குகிறது. அதுவும் மழை பெய்தால் ஓடும் ஆறு. எனவே அந்தக் காலத்து மக்கள் மேட்டிலிருந்து பள்ளம் வரை ஒன்றன் கீழ் ஒன்றாக ஏரிகளை அமைத்தார்கள். மேல் ஏரி நிரம்பினால் கலிங்கு வழியாக அடுத்த ஏரிக்கு நீர் போகும். 2007-ல் சிக்கபள்ளாப்பூர் தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பு, கோலார் மாவட்டத்தில் சுமார் 4,000 ஏரிகள் இருந்தன.

இவற்றின் வயதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. லூயி ரைஸ் என்ற அறிஞர் மைசூர் சமஸ்தானம் முழுவதும் கல்வெட்டுகளைப் படியெடுத்தார். கோலார் மாவட்டத்துக்கு உரிய தொகுதி 1905-ல் வெளிவந்தது. அதைப் புரட்டினால் தமிழர்களுக்கு வியப்பாக இருக்கும். ஏராளமான கல்வெட்டுகள் தமிழில்! சோழர் ஆட்சியில் இந்தப் பகுதி நிகரிலிசோழ மண்டலம் எனப் பெயர் பெற்றிருந்தது. கோலாரம்மன் கோவில் சுவரில் இன்றும் சோழர் காலத் தமிழ் எழுத்தைக் காணலாம். தங்கவயலுக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் ஏரியும் ஆயிரம் ஆண்டுக்கு முந்தியது. விஜயாதித்தமங்கலம் என்பது அவ்வூரின் பழைய பெயர்.

பழைய காலம் பொற்காலம், எல்லோரும் கூடி ஏரியைக் காத்தார்கள் என்று மேடையில் பேசுவது வழக்கம். ஏஷா ஷா என்ற ஆராய்ச்சியாளர் இதை மறுக்கிறார். கர்நாடகத்து ஏரிகளைக் கிராமம் கிராமமாக ஆராய்ந்தவர் அவர். ஏரிக்கரைக்கு மண் சுமந்தவர்கள் பெரும்பாலும் கட்டாயத்தின் பேரில் சுமந்தவர்கள், கரைகள் அடிக்கடி உடைந்தன, ஏரிக்காகப் பெண்ணைப் பலி கொடுத்த கதைகள் நாட்டுப் பாடல்களில் ஏராளம் என்று அவர் எடுத்துக்காட்டுகிறார். கேட்கக் கசப்பாக இருந்தாலும் யோசிக்க வேண்டிய விஷயம். மண் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வேறு பிழைப்புத் தேடி நகரத்துக்குப் போன பிறகு, தூர் வார யார் இருக்கிறார்கள்?

தங்கத்தின் பசி

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலில் இறங்கியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வாழ்க்கையையும் போராட்டங்களையும் சரித்திரப் பேராசிரியை ஜானகி நாயர் 1998-ல் ஒரு நூலாக எழுதியிருக்கிறார். சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் 1902-ல் வந்தது. அதுவரை சுரங்க யந்திரங்கள் நீராவியில் ஓடின. கொதிகலனுக்கு நிலக்கரியோடு விறகும் வேண்டியிருந்தது. சுற்றுவட்டாரத்துக் காடு அடுப்புக்குப் போயிற்று.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. 800 டன்னுக்கு மேல் தங்கம் போன இடத்தில் சயனைடு மேடுகள் மட்டும் நின்றன. காற்றடித்தால் அந்தத் தூசி யார் வீட்டுச் சோற்றில் விழுகிறது என்று தங்கவயல்வாசிகளுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

மரம் குடித்த தண்ணீர்

அடுத்து வந்தது தைல மரம். கன்னடக்காரர்கள் இதை 'நீலகிரி' என்பார்கள். 1970-களின் கடைசியில் சமூகக் காடு வளர்ப்பு என்ற பெயரில் லட்சக்கணக்கில் நாற்றுகள் வினியோகமாயின. ஆடு மாடு தின்னாது, காவல் வேண்டாம், கூலி ஆள் வேண்டாம். பட்டணத்தில் குடியிருந்துகொண்டு ஊரில் நிலம் வைத்திருந்தவர்களுக்கு இதைவிட வசதி ஏது? ராகி விளைந்த காடுகள் தைலத் தோப்பாயின.

1981-ல் பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் சார்பில் வந்தனா சிவா, சரத்சந்திரா, பந்தோபாத்யாய ஆகிய மூவர் கோலாரில் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார்கள். ஏழைக்கு விறகு கிடைக்கும் என்று தொடங்கிய திட்டத்தின் மரம் ஆலைகளுக்குப் போகிறது, ராகியும் வைக்கோலும் குறைகின்றன, நிலமற்ற கூலிக்காரனுக்கு வேலை போகிறது என்றார்கள். பெரிய சர்ச்சை கிளம்பியது. 1983-ல் துமகூரு மாவட்டத்தில் விவசாயிகள் நாற்றங்காலுக்குள் புகுந்து தைல நாற்றுகளைப் பிடுங்கிவிட்டு, புளி விதையும் மாங்கொட்டையும் நட்டார்கள்.

வனத்துறையினர் "மரம் தண்ணீரைக் குடிக்கிறது என்பது வெறும் பேச்சு" என்று வாதாடினார்கள். அளந்து பார்த்தால்தானே தெரியும்? இயான் கால்டர் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியும் நம் நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து அளந்தார்கள். முடிவு இரு தரப்புக்கும் பாதி பாதி! மண் ஆழமில்லாத இடங்களில் தைல மரம், நாட்டுக் காட்டு மரங்களைவிட அதிகம் குடிக்கவில்லை. ஆனால் காடானாலும் தோப்பானாலும், ராகிப் பயிரைப் போல ஏறக்குறைய இரு மடங்கு நீர் எடுத்தது.

கோலார் சாலையில் உள்ள ஹொசகோட்டையில்தான் அதிர்ச்சி. அங்கே மண் ஆழம் அதிகம். மூன்று ஆண்டுகளில் பெய்த மழை சுமார் 2,100 மில்லி மீட்டர். மரங்கள் எடுத்த நீரோ 3,400 என்று கணக்கு வந்தது! அதாவது அந்த ஆண்டுகளில் பெய்ததை மட்டுமல்ல, அதற்கு முன் மண்ணில் சேர்ந்திருந்த ஈரத்தையும் வேர்கள் உறிஞ்சிவிட்டன. புதிதாகத் தைல மரம் நடக்கூடாது என்று கர்நாடக அரசு 2017-ல்தான் உத்தரவு போட்டது. அறிக்கைக்கும் உத்தரவுக்கும் இடையே 36 ஆண்டுகள்.

இதற்குள் ஏரி வற்றி, கிணறு வற்றி, ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியையும் தாண்டின. ஆழத்து நீரில் புளோரைடு கலந்து வருகிறது. பல்லில் கறை, எலும்பில் வலி.

பெங்களூர் கழிவு நீர் கோலாருக்கு

2018 ஜூனில் ஒரு புதுமை நடந்தது. பெங்களூரின் கோரமங்கலா - சல்லகட்டா பள்ளத்தாக்குக் கழிவு நீரைச் சுத்திகரித்துக் குழாயில் கோலாருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். தினம் 44 கோடி லிட்டர், 126 ஏரிகளுக்கு என்பது திட்டம். யோசித்தால் வேடிக்கை. சுமார் 100 கிலோ மீட்டர் தூரத்திலிருந்து காவிரியை மேடேற்றி பெங்களூருக்குக் கொண்டு வருகிறோம். நாம் குளித்து, துவைத்து விட்ட அந்தத் தண்ணீர் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் கலந்து ஓசூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. இப்போது அதில் ஒரு பங்கு பாலாற்றுப் பக்கம் திரும்பியிருக்கிறது.

தொடங்கிய அடுத்த மாதமே ஏரியில் நுரை பொங்கியது. வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போய், தடை வந்து, 2019-ல் நீங்கியது. இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்தவர்களிடையேகூட இதில் ஒரே கருத்து இல்லை. ஏரி நிரம்பிய ஊர்களில் நிலத்தடி நீர் ஏறியிருப்பதை ஒரு குழு அளந்து சொன்னது. இன்னும் ஒரு கட்டம் சுத்திகரிக்காமல் அனுப்பினால் உலோக நஞ்சு மண்ணில் சேரும் என்று மற்றொரு தரப்பு எச்சரித்தது.

விவசாயிக்கு இரண்டுமே உண்மையாகத்தான் இருக்கிறது. பல ஆண்டுகள் வறண்டு கிடந்த கிணற்றில் நீர் ஊறுகிறது, தக்காளி பயிராகிறது. ஆனால் திட்டத்தின் விதிப்படி, ஏரித் தண்ணீரை நேரே பம்பு வைத்து வயலுக்கு இறைக்கக் கூடாது. நிலத்தில் இறங்கி, ஊறி வருவதைத்தான் எடுக்கலாம். குடிக்கவோ கூடவே கூடாது. கரை தொட்டு நிற்கும் ஏரியைப் பார்த்துக்கொண்டே, குடிதண்ணீர்க் கேனுக்குக் காசு எண்ணிக் கொடுக்கிறார்கள்.