பூசணிப் பிஞ்சும் மீன் சினையும்

பூசணிக் கொடியில் பெண் பூவை அடையாளம் காண்பது எளிது. இதழ்களுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு ஒன்று உருண்டு நிற்கும். ஆண் பூவில் வெறும் காம்புதான். அந்தப் பிஞ்சே பூவின் சூற்பை. அதனுள் இருக்கும் சூல்கள் கருவுற்றால் விதைகளாகும், சூற்பை பருத்துக் காயாகும். மகரந்தம் சேராவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்துவிடும். தாம்பரம், சேலையூர் மாடித் தோட்டங்களுக்குத் தேனீ வராத நாட்களில், காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தடவினால் பிஞ்சு நிற்கும்.

முருங்கைக்காய் முற்றினால் மூன்றாகப் பிளக்கிறது. மூன்று சூலிலைகள் கூடி உண்டான சூற்பை அது.

எல்லாவற்றிலும் வியப்பானது ஆலமரம். அடையாறு பிரம்மஞான சபையின் பெரிய ஆலானாலும் தெருவோர ஆலானாலும், பழம் என்று பறவைகள் கொத்துவது உள்நோக்கி மூடிக்கொண்ட பூங்கொத்து. அதன் நுனித் துளை வழியே மிகச் சிறிய பெண் குளவி புகுந்து, மகரந்தத்தைச் சேர்த்துவிட்டு, சில பூக்களின் சூற்பைக்குள்ளேயே முட்டையிடுகிறது. குளவி வளரும் சூற்பையில் விதை கிடையாது; மற்றவற்றில் உண்டு. சூற்பைகளில் ஒரு பங்கைக் குளவிக்குக் கொடுத்துத்தான் ஆல் தன் விதையைப் பெறுகிறது.

பூவின் சூற்பைக்கு ஈடாக விலங்குகளில் இருப்பது சினைப்பை; ஆனால் அது காயாக மாறுவதில்லை. முட்டையை வெளியே விட்டபின்னும் அது தன் இடத்திலேயே இருக்கும். பலரும் கருப்பையையும் சினைப்பையையும் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள். குழந்தை வளர்வது கருப்பையில். முட்டை முதிர்வதும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் சுரப்பதும் அதன் இருபுறமும் பாதாம் பருப்பு வடிவில் உள்ள சினைப்பைகளில். பெண் குழந்தை பிறக்கும்போது அவற்றில் சுமார் 10 லட்சம் முட்டைச் செல்கள் இருக்கும். வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை ஏறக்குறைய 400 மட்டுமே.

கோழிக்கு இடப்பக்கச் சினைப்பை மட்டுமே வேலை செய்கிறது. வண்டலூர் உயிரியல் பூங்காவின் நெருப்புக்கோழிக்கும் அப்படித்தான்.

மீன் சந்தையில் 'சினை' என்று கேட்டு வாங்குவது, முட்டை நிறைந்த சினைப்பையையேதான். ஒரு மீனின் சினையில் ஆயிரக்கணக்கான முட்டைகள், பெரிய மீனில் லட்சக்கணக்கானவை. அவை கடலில் சேர வேண்டும் என்பதற்காகவே கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குள் போகத் தடை இருக்கிறது.