கச்சத்தீவுக்குச் சென்ற படகுகளோடு

நல்லம்பள்ளியில் பிறந்து வளர்ந்தவர்க்கு நீர் என்றால் ஏரி. சற்றுப் பெரிய நீர் என்றால் ஒகேனக்கல். படகு என்றால் பரிசல். ஆகவே, 2025ஆம் ஆண்டு மார்ச் 14, 15 தேதிகளில் நடைபெற்ற கச்சத்தீவுப் புனித அந்தோணியார் திருவிழாவுக்குப் போவதென்று நாங்கள் சிலர் முடிவு செய்தபோது, வீட்டுப் பெரியவர்கள் வாழ்த்தவில்லை, அஞ்சினார்கள். "தவக்காலத்தில் சிலுவைப்பாதை செய்ய நம் கோயில் போதாதா?" என்று ஒரு பாட்டி கேட்ட கேள்விக்கு இன்றுவரை எங்களிடம் சரியான விடை இல்லை.

இராமேசுவரத்திலிருந்து ஏறத்தாழ 12 கடல் மைல் தொலைவில், பாக் நீரிணையில் கிடக்கும் 285 ஏக்கர் நிலம் கச்சத்தீவு. குடிக்கத் தண்ணீர் இல்லை; குடியிருப்போர் இல்லை. நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி என்பவர் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அந்தோணியாருக்குச் சிற்றாலயம் எழுப்பினார் என்பது வழிவழிச் செய்தி. வலை உலர்த்தவும் இளைப்பாறவும் ஒதுங்கிய இருகரை மீனவரும் அங்கு செபித்தனர். 1974ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் தீவு இலங்கையின் பக்கம் ஆயிற்று. எனினும் இந்தியத் திருப்பயணிகள் வழக்கம்போல் வந்து செல்லலாம், அதற்குப் பயண ஆவணமோ நுழைவுச் சீட்டோ வேண்டியதில்லை என அவ்வொப்பந்தத்தின் 5ஆம் பிரிவு கூறுகிறது. 1983இல் மூண்ட உள்நாட்டுப் போரால் பல்லாண்டுகள் தடைப்பட்ட விழா, போர் முடிந்தபின் 2010 முதல் மீண்டும் உயிர் பெற்றது. 2016இல் புதிய ஆலயமும் எழுந்தது. இன்று அது யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் பொறுப்பில் உள்ளது.

கடவுச்சீட்டு வேண்டாமே தவிர, காகிதங்கள் வேண்டும். வேர்க்கோடு புனித சூசையப்பர் ஆலயத்தின் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அடையாள அட்டையும் காவல் நிலையச் சான்றும் இணைக்க வேண்டும். குடும்பத்தோடு செல்ல நினைப்போர் விழா நாள் அறிவிக்கப்பட்டவுடனே இதில் இறங்குவது நலம். நாங்கள் தாமதித்து, கடைசி வாரம் ஓடி அலைந்தோம்.

வெள்ளிக்கிழமை காலை துறைமுகத்தில் கண்ட காட்சியை என்னென்பது! மீன்பிடிக்கும் விசைப்படகுகளே அன்று பயணப் படகுகள். மீன் வாடை போகக் கழுவி, காகிதக் கொடிகள் கட்டியிருந்தார்கள். பெயர் அழைத்து, பையைச் சோதித்து, மிதவை அங்கியை மாட்டி ஏற்றினார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் படகுகள் அவிழ்ந்தன. வடகிழக்கு வாடை தணிந்து, தென்மேற்குக் காற்று இன்னும் எழாத இடைக்காலம் இது. ஆயினும் ஆழம் குறைந்த கடலில் அலை குட்டையாகவும் அடிக்கடியும் வந்து மோதும். அரைமணியில் எங்களில் பாதிப்பேர் படகின் ஓரத்தைத் தேடினார்கள். "வெறும் வயித்தோட வராதீங்க, வயிறு முட்டவும் சாப்பிடாதீங்க. ரெண்டும் ஆபத்து" என்று படகோட்டி காலையிலேயே எச்சரித்திருந்தார். எலுமிச்சையை முகர்ந்துகொண்டே செபமாலை சொன்னோம்.

பதுவைப் புனிதரும் கடலில் அலைக்கழிந்தவர்தாம். மொரோக்கோவில் நற்செய்தி அறிவிக்கச் சென்று, நோயுற்றுத் திரும்புகையில் புயலில் சிக்கிய அவரது கப்பல் சிசிலியில் ஒதுங்கியது. அதனாலன்றோ அவர் இத்தாலியரின் அந்தோணியார் ஆனார்! இதை எங்களுள் ஒருவர் சொன்னபோது, கேட்கும் நிலையில் எவரும் இல்லை.

கடல் எல்லையை நெருங்கியதும் படகோட்டி கைகாட்டினார். கோடு ஒன்றும் தெரியவில்லை. அதே நீர், அதே அலை. "இந்த எடம்தான் ஐயா. மத்த நாள்ல இதத் தாண்டுனா படகும் போகும், ஆளும் போவான்" என்றார். அவருடைய மைத்துனர் அவ்வாறு பிடிபட்டுச் சிறையிருந்து மீண்டவராம். 2024ஆம் ஆண்டு விழாவை இராமேசுவரம் மீனவர் புறக்கணித்ததும் சிறைப்பட்ட தம் உடன்தொழிலாளரை முன்னிட்டே.

ஆனால் மறுபக்கத்தின் வலியும் உண்டு. அதைக் கேட்க எங்களுக்கு வாய்ப்புக் கிட்டியது. கொடியேற்றமும் சிலுவைப்பாதையும் தேர்ப்பவனியும் முடிந்த இரவில், மணலில் பாய் விரித்தோம். அருகில் நெடுந்தீவிலிருந்து வந்த ஒரு குடும்பம். அவர்கள் பனங்கற்கண்டு தந்தார்கள். நாங்கள் நிலக்கடலை உருண்டை தந்தோம். வீட்டுத் தலைவர் மெல்லச் சொன்னார்: "எங்கட வலையள் எல்லாம் இழுவைப் படகில அறுந்து போகுது. நாங்கள் ஆரிட்டச் சொல்ல?" இழுவைமடி கடலடியையே வாரிச் செல்வது, இலங்கை 2017இல் அதைச் சட்டத்தால் தடைசெய்தது. எங்கள் படகோட்டியும் அங்கேதான் அமர்ந்திருந்தார். அவர் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. "கடன வாங்கிக் கட்டுன படகு அண்ணே" என்று மட்டும் சொன்னார். பிறகு இருவரும் தத்தம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கோ, எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லும் துணிவு எழவில்லை.

சனிக்கிழமை காலைத் திருவிழாத் திருப்பலிக்குப் பின் கொடி இறக்கப்பட்டது. சிறு கடைகளில் அவர்களின் தேங்காயெண்ணெயும் சோப்பும் நம்மவர் கைக்கு மாறின. நம் சேலைகள் அவர்கள் பைக்குள் சென்றன. நெடுந்தீவுக்காரர் தம் குழந்தையை எங்கள் படகோட்டியிடம் நீட்ட, அவர் அதன் நெற்றியில் சிலுவை வரைந்தார்.

மாலையில் இராமேசுவரம் வந்து இறங்கினோம். நாங்கள் பேருந்தைத் தேடிப் புறப்பட்டபோது, படகோட்டி காகிதக் கொடிகளை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, வலையைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்.