பழைய காற்சட்டையிற் பிறக்கும் போர்வை

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என்று மலர்க் குழுவினர் பணித்தபோது, சமயம், இலக்கியம், விஞ்ஞானம் ஆகிய பொருள்களெல்லாம் தக்கோர் பலரால் எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டன. எமக்கென எஞ்சிக் கிடந்தது கந்தை ஒன்றே. கந்தையென யாம் குறிப்பது, இளைஞர் ஜீன்ஸ் என வழங்கும் நீலக் காற்சட்டை பழசானபின் எய்தும் நிலையினை. அதனைக் கொண்டு அமெரிக்கர் போர்வை செய்யும் முறையொன்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம். இது பெண்டிர்க்குரிய தையற் பாடமன்றோ என எம்முடன் பயின்றார் சிலர் நகைக்கக்கூடும். நகைப்போர் தம் காற்சட்டையின் கிழிந்த ஓரத்தைச் சற்றே உற்றுநோக்குவாராக. வகுப்பறையில் யாம் கல்லாத பாடமொன்று அங்கே நூல் நூலாகத் தொங்குவதைக் காண்பர்.

அக்காற்சட்டைக்குரிய டெனிம் என்னுந் துணியில் நெடுக்கே ஓடும் பாவுநூல் நீலம். குறுக்கே ஓடும் ஊடைநூல் வெள்ளை. ஊடை, பாவுநூல் இரண்டு அல்லது மூன்றின் கீழே நுழைந்து ஒன்றன் மேலே வரும். அடுத்த வரியில் அவ்விடம் ஒரு நூல் தள்ளி அமையும். முகப்பில் சாய்ந்த வரிகள் தோன்றுவதும், முகப்பு நீலமாகவும் உட்புறம் வெளிறியும் இருப்பதும் இதனாலேயாம். பாவுநூலிலுங்கூட நீலச் சாயம் வெளிப்புறத்தே தங்குவதன்றி நடுவரை செல்வதில்லை. ஆதலின் முழங்காலும் மடிப்பும் உராய உராய வெண்மை தலைகாட்டுகின்றது. இத்துணியாலான காற்சட்டையின் பை மூலைகளைச் செப்பு ஆணியால் இறுக்கும் உரிமையை 1873ஆம் ஆண்டிலே லேவி ஸ்ட்ராஸ் என்னும் வணிகரும் ஜேக்கப் டேவிஸ் என்னும் தையற்காரரும் பெற்றனர். அந்நாளில் அது உழைப்பாளியின் உடை. நாகரிக உடையானது பின்னரே.

உழைப்பாளியின் உடை கிழிந்தபின் எங்கே சென்றது? அலபாமா மாநிலத்தில், ஆற்றின் வளைவொன்றுக்குள் அமைந்த ஜீஸ் பெண்ட் என்னுஞ் சிற்றூர் இதற்கு விடை கூறும். பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாய் உழைத்த கறுப்பின மக்களின் வழியினர் வாழும் ஊர் அது. தோட்ட முதலாளியின் பெட்வே என்னும் பெயரே அவருட் பலர்க்கு இன்றுங் குடும்பப் பெயராயுள்ளது. குளிர்காற்றுப் புகும் குடில்களில் வாழ்ந்த அவர்களுக்குத் தேய்ந்த உடைகளே போர்வைகளாயின. 1942ஆம் ஆண்டில் மிசூரி பெட்வே என்பார் தம் கணவரை இழந்தார். கணவர் அணிந்து உழைத்த ஆடைகளை மகள் ஆர்லோன்சியாவுடன் இருந்து கிழித்தார். அவர் நினைவைப் போர்த்துக்கொண்டு உறங்குதற்கென அவற்றைப் போர்வையாகத் தைத்தார். 2002ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் இவ்வூர்ப் போர்வைகளைச் சுவரிலே தொங்கவிட்டது. 2006இல் அமெரிக்க முத்திரைகளிலும் அவை இடம்பெற்றன. அருங்காட்சியகத்தார் கலையென்று சொல்லுமுன் அவை அறுபதாண்டுக் குளிரைத் தாங்கியிருந்தன என்பதையும் யாம் நினைத்தல் வேண்டும்.

ஜீஸ் பெண்ட் மகளிர் தைத்த போர்வைகளில் துணியின் வெட்டுவாய் உள்ளே மறைந்திருக்கும். யாம் விளக்கவந்த கந்தைப் போர்வையிலோ அது வெளியே நிற்கும். தையற்காரர் மடித்து ஒளிக்கும் குறையே இங்கு அணியாகின்றது. துணியைப் பாவின் திசையிலே நேராக வெட்டினால், வெட்டுவாயை ஒட்டியோடும் நீல நூல்கள் கழன்றுவிழ, வெள்ளை ஊடையின் நுனிகள் குஞ்சம்போல் எஞ்சும். குறுக்கே வெட்டினால் வெள்ளை கழன்று நீலம் எஞ்சும். எனவே ஒரே சதுரத்தின் இரு பக்கம் வெண்குஞ்சமும் இரு பக்கம் நீலக்குஞ்சமும் பெறும். மூலைவாட்டில் வெட்டிய துணியோ எளிதில் நூல் பிரியாது. ஆதலின் சதுரங்களை நூலோட்டத்துக்கு நேராகவே வெட்டுதல் வேண்டும்.

துவைத்து உலர்த்திய காற்சட்டையைத் தையல் பிரித்து விரித்து, தடித்த மடிப்புத் தையல்களை விலக்கி, 8 அங்குலச் சதுரங்கள் 48 வெட்டுக. இழுபடும் நார் கலந்த புதுவகைத் துணியை இதனோடு சேர்த்தல் ஆகாது. அதே அளவில் மெல்லிய பருத்தித் துணிச் சதுரங்களும் 48 வேண்டும். குளிர்நாடாயின் பிளனல் நன்று. ஒரு டெனிமையும் ஒரு மென்துணியையும், நல்ல முகங்கள் வெளியே தெரிய, முதுகோடு முதுகாக வைத்து, மூலைக்கு மூலை குறுக்காக இரு தையல் இடுக. இவ்விணைகளை மென்துணிப் பக்கம் ஒன்றையொன்று பார்க்க வைத்து, ஓரத்திலிருந்து அரை அங்குலம் விட்டுத் தைத்தால், வெட்டுவாய்கள் டெனிம் முகப்பிலே எழுந்துநிற்கும். வரிசைக்கு 6 ஆக 8 வரிசை சேர்ந்தால் குஞ்சம் நீங்கலாக 42 அங்குல அகலமும் 56 அங்குல நீளமும் ஆகும். டெனிம் மாத்திரமே ஏறத்தாழ 2 இறாத்தல் நிறை கொள்ளும். வரிசைகள் கூடும் சந்திகளில் ஊசி எட்டு மடிப்பைத் துளைக்க வேண்டியிருத்தலின், அங்கே 16ஆம் இலக்க ஊசியிட்டு இயந்திரத்தைக் கையாற் சுழற்றுக. அவசரப்பட்டோர் ஊசியை முறித்துக்கொள்வர், யாமும் முறித்திருக்கின்றோம்.

சுற்றோரத்தையும் அரை அங்குலம் விட்டு ஒருமுறை தைத்தபின், எழுந்துநிற்கும் வெட்டுவாய்களை அரை அங்குலத்துக்கு ஒன்றாகக் கத்தரித்தல் வேண்டும். கத்தரி தையலைத் தொடுதல் கூடாது. தொட்ட இடம் பின்னர் ஓட்டையாகும். விரல் கன்றிப்போகும் வேலை இது. வீட்டிலுள்ளோர் அனைவரையும் அழைத்து அமர்த்திக்கொள்ளுதல் நலம். பின் துவைத்து உலர்த்தி உதறுக. நூல்கள் கழன்று குஞ்சம் பூக்கும். முதற் சலவைகளில் உதிரும் பஞ்சு இயந்திரத்தின் வடிகட்டியை அடைத்துவிடுமாதலின் இடையிடையே அதனை நீக்குதல் வேண்டும்.

எம் ஊர் வெப்பத்துக்கு இது மிகை. கனடாவிலும் இங்கிலாந்திலும் குளிரோடு வாழும் எம் பழைய மாணவர் வீடுகளில், வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் காற்சட்டைகள் மடித்த மடிப்பாகவே கிடக்கக்கூடும். அவற்றில் தைத்திருந்த பையைப் பிரித்தெடுத்த இடத்தை வீசிவிடாது ஒரு சதுரமாக வெட்டிச் சேர்த்தல் நன்று. வெயிலும் சலவையும் படாத அவ்விடம், வெளுத்த துணியின் நடுவே, வாங்கிய நாளின் கருநீலத்தோடு பையின் வடிவிலேயே இருக்கும்.