கடல் கடந்து வரும் பணம், மலை இறங்கிச் செல்லும் பணம்

எகிப்தில் இருந்த யோசேப்பு தம் தந்தை யாக்கோபுக்கு என்னென்ன அனுப்பினார் என்பதைத் தொடக்கநூல் எண்ணிக்கையோடு சொல்கிறது. பத்துக் கழுதைகளில் எகிப்தின் சிறந்த பொருள்கள், பத்துப் பெண் கழுதைகளில் தானியமும் வழியுணவும். பஞ்சத்தில் வாடிய கானான் நாட்டுக் குடும்பத்துக்கு, வேற்று நாட்டில் இருந்த மகன் அனுப்பிய உதவி அது. இன்று கைப்பேசியும் வங்கிக் கணக்கும் அந்த வேலையைச் செய்கின்றன.

நம் நீலகிரியில் இந்தப் பணம் இரு திசைகளிலும் பயணம் செய்கிறது. துபாயிலும் சிங்கப்பூரிலும் திருப்பூரிலும் உழைக்கும் நம் பிள்ளைகளின் பணம் குன்னூருக்கும் கூடலூருக்கும் ஏறி வருகிறது. நம் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் ஜார்க்கண்ட், அசாம், ஒடிசா மாநிலச் சகோதர சகோதரிகளின் பணம் மலை இறங்கி அவர்களுடைய கிராமங்களுக்குச் செல்கிறது. இந்தப் பணம் ஒரு வீட்டுக்கும் ஒரு நாட்டுக்கும் என்ன செய்கிறது என்று சற்றுச் சிந்திப்போம்.

சிறு துளி, பெரு வெள்ளம்

2010-11இல் வெளிநாடு வாழ் இந்தியர் தாயகத்துக்கு அனுப்பிய பணம் ஏறத்தாழ 5,560 கோடி டாலர். 2023-24இல் அது ஏறத்தாழ 11,870 கோடி டாலராக உயர்ந்தது என்கிறது ரிசர்வ் வங்கி. இதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தமிழகத்துக்கு வந்தது. நேபாளத்தின் மொத்த உற்பத்தியில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு இத்தகைய பணம் வருகிறது.

அளவை விட முக்கியமானது இதன் இயல்பு. அந்நிய முதலீடு இலாபத்தைத் தேடி வருகிறது, ஆபத்தைக் கண்டால் ஓடிவிடுகிறது. பிள்ளைகள் அனுப்பும் பணமோ வீட்டில் துன்பம் என்று கேட்டதும் கூடுகிறது. கொரோனா பரவிய 2020ஆம் ஆண்டில், வளரும் நாடுகளுக்கு வரும் இந்தப் பணம் 20 விழுக்காடு குறையும் என்று உலக வங்கி முதலில் கணித்தது. உண்மையில் குறைந்தது ஓரிரு விழுக்காடு மட்டுமே. தாங்கள் வயிற்றைக் கட்டியாவது வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அப்படி வரும் பணம் முதலில் அரிசிக்கும் மருந்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் பழைய கடனுக்கும் போகிறது. பிறகு வீடு கட்டப்படுகிறது. கொத்தனாருக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் அதில் பங்கு கிடைக்கிறது. நாட்டுக்கோ பெட்ரோலும் மருந்தும் இறக்குமதி செய்யத் தேவையான அந்நியச் செலாவணி கிடைக்கிறது.

கடனோடு தொடங்கும் பயணம்

ஆயினும் எல்லாப் பயணமும் வளத்தில் முடிவதில்லை. இதை நம் மலையில் வாழும் தாயகம் திரும்பிய குடும்பங்களின் வரலாறே சொல்லும். அவர்களுடைய முன்னோர் பஞ்சத்துக்குத் தப்பித் தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள். பயணச் செலவே கங்காணியின் கணக்கில் கடனாக ஏறியது. ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், கடன் தொகை எழுதிய 'துண்டு' வேண்டும். 1921இல் அந்த முறை ஒழிக்கப்படும்வரை பலருடைய உழைப்பு கடனுக்கே போனது.

1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றது. திரும்பி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டமே 1976இல் டேன்டீ நிறுவனமாக மாறியது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பகுதிகளில் இன்றும் அக்குடும்பங்கள் வாழ்கின்றன.

துண்டு முறை ஒழிந்தாலும் அதன் சாயல் ஒழியவில்லை. வட்டிக்குக் கடன் வாங்கி முகவருக்குக் கொடுத்துவிட்டு வளைகுடாவுக்குப் போகும் இளைஞரின் முதல் ஓரிரண்டு ஆண்டுச் சம்பளம் வட்டிக்கே போய்விடுகிறது. கணக்கில் அது வீட்டுக்கு வந்த பணம், ஆனால் வீட்டில் அடுப்பு எரிவது பழையபடியேதான்.

பணம் வரும் வழி

நம்மில் பலருக்கு இன்னும் உறவினர் உள்ள இலங்கை, மற்றொரு பாடத்தைத் தருகிறது. 2020இல் அந்நாட்டுக்கு ஏறத்தாழ 710 கோடி டாலர் வந்தது. 2022இல் அது ஏறத்தாழ 380 கோடியாகச் சரிந்தது. உழைப்பவர்கள் குடும்பத்தை மறந்துவிடவில்லை. டாலருக்கு 200 ரூபாயை ஒட்டிய விலையை அரசு பிடித்து வைத்திருந்தபோது, வெளிச்சந்தையில் அதைவிடக் கூடுதலாகக் கிடைத்தது. எனவே பலர் 'உண்டியல்' எனப்படும் வழியில் அனுப்பினர். அந்த முறையில் டாலர் வெளிநாட்டிலேயே தங்கிவிடும். குடும்பத்துக்கு உள்ளூர் ஆள் ஒருவர் ரூபாயைக் கொடுப்பார். வீட்டுக்குப் பணம் வந்தது, நாட்டுக்கு டாலர் வரவில்லை. கடன் சுமை, வரிக்குறைப்பு, சுற்றுலா முடக்கம் ஆகியவற்றோடு இதுவும் சேர, எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் அதே குடும்பங்கள் வரிசையில் நின்றன. 2022 ஏப்ரலில் அந்நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைத்தது. ரூபாயின் விலை சந்தைக்கு விடப்பட்ட பிறகு, 2023இல் வங்கி வழியே வந்த பணம் ஏறத்தாழ 600 கோடி டாலராக மீண்டது.

முறையான வழி மலிவாகவும் இருக்க வேண்டும். இத்தகைய பணத்தை அனுப்பும் செலவை 2030க்குள் 3 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவர ஐ.நா. இலக்கு வைத்துள்ளது. உலகச் சராசரி இன்னும் 6 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அதாவது 200 டாலர் அனுப்பும் ஏழை ஏறத்தாழ 12 டாலரை வழியிலேயே இழக்கிறார். இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2023 பிப்ரவரியில் கைப்பேசி வழிப் பணப்பரிமாற்றம் இணைக்கப்பட்டது நல்ல முன்னேற்றம்.

கணக்கில் ஏறாத விலை

1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை வீழ்ந்தபோது, சிறு விவசாயக் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கினார்கள். அவர்களுடைய பணம் வீட்டைத் தாங்கியது உண்மை. அதே பணத்தால் நிலத்தின் விலை ஏறும்போது, வெளியே யாரையும் அனுப்ப இயலாத ஏழைக்கு ஒரு சென்ட் நிலமும் எட்டாமல் போகிறது. தாயின் முகத்தைத் திரையில் மட்டுமே பார்த்து வளரும் குழந்தையின் ஏக்கம் எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை. திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் 1981இல் வெளியிட்ட 'மனித உழைப்பு' பற்றிய சுற்றுமடலில், குடிபெயர்தல் தாயகத்துக்கு ஓர் இழப்பும் ஆகும் என்று நினைவூட்டினார். பணம் வருகிறது, ஆள் போய்விடுகிறார்.

நாம் செய்யக்கூடியவை

வெளிநாடு செல்ல விரும்பும் இளைஞர், மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் முகவர் பதிவு பெற்றவரா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கட்டும். மனைவியின் பெயரில் தனிக் கணக்கு இருக்கட்டும். மாதந்தோறும் ஒரு சிறு பங்கு சேமிப்புக்குப் போகட்டும், ஏனெனில் ஒப்பந்தம் ஒருநாள் முடியும். அன்பியக் கூட்டங்களில் இவற்றைப் பற்றி வெளிப்படையாகப் பேசலாம்.

நம் தோட்டத்துக்கு வந்திருப்போரையும் மறவாதிருப்போம். தமிழகத்தில் 2020 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தின்படி, தகுதியுள்ள வெளிமாநிலக் குடும்ப அட்டைக்கும் இங்கே அரிசி பெறலாம். அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல மொழி தெரிந்த ஒருவர் போதும். அரிசிக்குச் செலவாகாத பணம் ஊரில் ஒரு பிள்ளையின் படிப்புக்குப் போகும்.

ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் அமரும் அந்த இளம் தம்பதியர் நம் பாடலைப் பாட இயலாமல் இருக்கலாம். அவர்களும் எங்கோ ஒரு வீட்டின் யோசேப்புதான். நம் பிள்ளையை அயல்நாட்டில் ஒருவர் எப்படி நடத்த வேண்டும் என்று நாம் வேண்டுகிறோமோ, அப்படியே நாம் இவர்களை நடத்துவோம்.