பாலம் அவர்களுக்கு! தூண் இவர்களுக்கா?

பாலம் கட்டுகிறார்கள் என்றால் பாராட்டத்தான் வேண்டும். அக்கரையையும் இக்கரையையும் இணைப்பது நற்பணி; அதிலே நமக்கு ஐயமில்லை. ஆனால், தோழர்களே, எந்தப் பாலத்தைக் கண்டாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். மேலே போகிறவர் யார்? கீழே நசுங்குகிறவர் யார்?

இந்தக் கேள்வியைக் கேட்டார்கள் ஒரு பேட்டையின் மக்கள். கேட்டதோடு நிற்கவில்லை, பதிலையும் தாங்களே எழுதினார்கள். அந்தக் கதையைத்தான் இன்று கூற விழைகின்றோம்.

அமெரிக்க நாட்டின் தென்மேற்கு மூலையிலே, மெக்சிகோ எல்லையருகே, சான் டியாகோ என்றோர் துறைமுக நகரம். அங்கே கடலோரத்தில் லோகன் ஹைட்ஸ் என்ற உழைப்பாளர் பகுதி. வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வழிவந்தோர். அந்த மண்ணே ஒரு காலத்தில் மெக்சிகோவுக்கு உரியது. போரிலே வென்று, 1848-ல் ஒப்பந்தம் எழுதி, கலிபோர்னியாவைத் தனதாக்கிக்கொண்டது அமெரிக்கா. பிறகு 1910-ல் மெக்சிகோவிலே புரட்சி வெடித்தது. அந்த ஆண்டுகளில் பல்லாயிரவர் பிழைப்புத் தேடி வடக்கே வந்தனர். மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையிலே வேலை, கப்பல் துறையிலே வேலை. உழைத்தனர், வீடு கட்டினர், மாலையிலே கடற்கரையில் காற்று வாங்கினர்.

அந்த வாழ்வின்மேல் அடிமேல் அடி விழுந்தது!

முதலில் போனது கடற்கரை. இரண்டாம் உலகப் போரின்போது கடற்படை விரிந்தது. மக்களுக்குக் கரை அடைபட்டது. அடுத்து, 1950-களில் நகராட்சி சட்டத்தை மாற்றி, வீடுகளுக்கு நடுவே தொழிற்கூடம் வரலாம் என்றது. பழைய கார்களை உடைத்துக் குவிக்கும் கிடங்குகள் வாசலுக்கு எதிரே வந்து உட்கார்ந்தன. 1963-ல் வந்தது ஐந்தாம் எண் நெடுஞ்சாலை. ஊரை நடுவிலே பிளந்தது. கடலோரமாக வெட்டுண்டு கிடந்த துண்டுக்குத்தான் பாரியோ லோகன் என்று பெயர் நிலைத்தது. பாரியோ என்றால் ஸ்பானிய மொழியில் குடியிருப்பு. நம் பேச்சிலே சொன்னால் பேட்டை.

கடைசியாக, 1969-ல் கொரனாடோ பாலம். இரண்டு மைலுக்கு மேல் நீளம். கடற்படைக் கப்பல் அடியிலே நுழைந்து போகுமளவு உயரம். அக்கரையிலே செல்வர் வாழும் கொரனாடோ. இக்கரையிலே பாலத்தின் கால்கள் ஊன்றப்பட்ட இடம் எது? பாரியோ லோகன்! வீடுகள் இடிந்தன, குடும்பங்கள் சிதறின. வானத்தை மறைத்துக் கான்கிரீட் தூண்கள் எழுந்தன. அந்தப் பாலத்திலே நடைபாதை கிடையாது. காரில் போகலாம்; காலால் போக முடியாது. தூணைத் தாங்கி நிற்கும் பேட்டையின் ஏழை, பாலத்தின்மேல் நடந்து செல்லவும் வழியில்லை!

நாட்டுக் காவல், தொழில் வளர்ச்சி, போக்குவரத்து வசதி. ஒவ்வொரு அடிக்கும் ஓர் அழகான பெயர் இருந்தது. பெயர் மாறியதே தவிர, அடி வாங்கிய முதுகு மாறவில்லை.

மக்கள் கேட்டது என்ன? பாலத்தை இடியுங்கள் என்றா? இல்லை. அதன் அடியிலே கிடக்கும் வெற்று நிலத்தில் எங்கள் குழந்தைகளுக்கு ஒரு பூங்கா வேண்டும் என்றனர். ஆகட்டும் என்றது நகராட்சி. வாக்குறுதி கிடைத்தது, மக்கள் காத்திருந்தனர்.

1970, ஏப்ரல் 22. மாரியோ சோலிஸ் என்ற மாணவர் அவ்வழியே வந்தார். புல்டோசர்கள் மண்ணைக் கிளறுகின்றன. பூங்கா வேலையோ என்று விசாரித்தால், இல்லையாம்! நெடுஞ்சாலைப் போலீசுக்கு நிலையம் வரப்போகிறதாம்! குழந்தைக்கு ஊஞ்சல் என்று சொல்லிவிட்டு, லத்திக்குக் கொட்டகை போடுகிறார்கள்!

ஓடினார் சோலிஸ், வீடு வீடாக. செய்தி பள்ளிக்கும் கல்லூரிக்கும் பறந்தது. மாணவர் வந்தனர், தாய்மார் வந்தனர், முதியோர் வந்தனர். கைகோத்துச் சங்கிலியாக நின்றனர், புல்டோசர்கள் ஓய்ந்தன. அடுத்து அவர்கள் செய்ததுதான் நம் நெஞ்சைத் தொடுகிறது. மண்வெட்டியை எடுத்து, நிலத்தைச் சமன் செய்து, கள்ளியும் பூச்செடியும் நட்டார்கள்! கொடுக்கிறபோது கொடுங்கள் என்று கெஞ்சவில்லை. பூங்காவை அப்போதே தொடங்கிவிட்டார்கள். பன்னிரண்டு நாள் அந்த நிலத்தை விட்டு அகலவில்லை. அதிகாரிகள் இறங்கி வந்தனர். போலீஸ் நிலையம் கைவிடப்பட்டது, பூங்கா பிறந்தது.

அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் 'சிக்கானோ பூங்கா'. சிக்கானோ என்பது ஒரு காலத்தில் மெக்சிகோ வழிவந்த ஏழையை இழிவுபடுத்த வீசப்பட்ட சொல். அந்தத் தலைமுறை இளைஞர்கள் அதை எடுத்து நெற்றியிலே திலகமாக்கிக்கொண்டார்கள். ஏசுவதற்கு வைத்த பெயரையே எழுச்சிக்கு வைத்தார்கள்!

அவ்வாண்டு அக்டோபரில் இன்னொரு போர். பேட்டைக்கு உதவி செய்துவந்த ஒரு சமூக நிலையம் வெறும் அலுவலகமாக மாறிவிட்டிருந்தது. மக்கள் அதைக் கைப்பற்றினர். லாரா ரோட்ரிகஸ் என்ற அம்மையார் கதவோடு தம்மைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார். அங்கே ஏழைகளுக்கான இலவச மருத்துவமனை எழுந்தது. அது வளர்ந்து, இன்று நகரின் பல இடங்களிலே கிளை பரப்பியிருக்கிறது.

தூண்கள் என்னவாயின? பெயர்க்க முடியாது, பார்த்துப் பார்த்து அழவும் மனமில்லை. சல்வடோர் டோரஸ் என்ற ஓவியர் கண்ட கனவின்படி, 1973-ல் ஓவியர்களும் ஊராரும் வண்ணமும் தூரிகையும் எடுத்தனர். பழங்குடி மூதாதையர், புரட்சி வீரன் சபாட்டா, வயலிலே குனிந்த உழவன், பூங்காவை மீட்ட போராட்டம், எல்லாம் தூணிலே ஏறின. நசுக்க வந்த தூணே வரலாற்று ஏடாயிற்று! 2016-ல் அந்தப் பூங்காவைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக்கியது அமெரிக்க அரசு. எந்த நிலத்திலே போலீஸ் நிலையம் கட்ட வந்தார்களோ, அதே நிலத்துக்கு மரியாதை!

இத்தோடு சுபம் என்று முடிக்க நமக்கும் ஆசைதான். ஆனால் உண்மை அதுவல்ல. கப்பல் துறையின் புகையும் பட்டறைகளின் நச்சும் பேட்டையை விட்டுப் போகவில்லை. வீட்டுக்கும் தொழிற்கூடத்துக்கும் இடைவெளி வேண்டும் என்று மக்கள் பல்லாண்டு உழைத்து ஒரு திட்டம் தீட்டினர். 2013-ல் நகர மன்றம் ஏற்றது. கப்பல் தொழில் முதலாளிகள் விடுவார்களா? கையெழுத்துத் திரட்டி, நகர் முழுவதும் வாக்கெடுப்பு நடக்கச் செய்தனர். 2014-ல் திட்டம் தோற்றது. புகையைச் சுவாசிப்பது ஒரு பேட்டை. வாக்களித்தது ஊர் முழுவதும்! மக்கள் சோர்ந்தார்களா? மீண்டும் கூடினர், மீண்டும் பேசினர்; 2021-ல் புதிய திட்டத்தை நகர மன்றம் நிறைவேற்றியது.

தோழர்களே! பன்னிரண்டு நாள் வீரம் போற்றத்தக்கது. ஆனால் அதற்குப் பின்னே வந்த ஐம்பது ஆண்டுக் காவல், அதனினும் பெரிது என்கின்றோம். கோஷம் எழுப்பிய கை மறுநாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றியது. செடி நட்ட கை தூரிகை பிடித்தது. தூரிகை பிடித்த கை மனு எழுதியது. தோற்ற பிறகும் அந்தக் கை மடங்கவில்லை. ஆண்டுதோறும் ஏப்ரலிலே அவர்கள் அந்தத் தூண்களின் அடியில் கூடுகிறார்கள். பாட்டன் பேரனுக்குத் தூணைக் காட்டிக் கதை சொல்கிறான்.

வாக்குறுதி வாங்குவது பாதி வேலை. அதற்குக் காவல் இருப்பதுதான் மீதி. அன்று அந்த மாணவர் அவ்வழியே வந்து, நின்று, கேளாமல் போயிருந்தால்? குழந்தைகள் ஆடும் இடத்திலே இன்று போலீஸ் வண்டிகள் நின்றிருக்கும்!